என்னை எந்த ஊடகமும் மாற்றவில்லை: இதை வைத்துக் கட்டுரை எழுத முடியுமா?

கேள்வி: ஜூலை 13

சேலத்தில் பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 'ஊடகமும் என் அடையாளமும்' என்ற தலைப்பில் சொந்த அனுபவத்தை விவரித்து ஐந்து பக்கம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் என்னை எந்த ஊடகமும் மாற்றவில்லை. வீட்டில் பேப்பர் வாங்குவதில்லை. சீரியல் பார்க்க மாட்டேன். தியேட்டருக்குப் போவதே அபூர்வம். போனில் ரீல்ஸ் பார்ப்பேன், அது எல்லாரும் பார்ப்பதுதான். எழுத ஒன்றுமே இல்லை. 'பாதித்தது' என்று பொய்யாக எழுதினால்தான் மார்க் வருமா?

ஜூலை 13, இரவு

பொய் வேண்டாம். 'என்னை எதுவும் மாற்றவில்லை' என்பதையே முதல் வரியாக வைத்து எழுதலாம். ஆனால் எழுதுவதற்கு முன் அது நிஜம்தானா என்று சோதித்துப் பாருங்கள். பாதிப்பு எங்கே என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. எதைச் செய்வதை நிறுத்தினீர்கள், எதை நாலு பேர் முன்னால் சொல்லாமல் விடுகிறீர்கள் என்று தேடுங்கள்.

என் கதை இது. நான் சேலத்தை ஒட்டிய கன்னங்குறிச்சியில் வளர்ந்தவள். 1990-களின் தொடக்கத்தில் படிக்கச் சென்னை போனேன். விடுதியில் சேர்ந்த சில நாட்களிலேயே என் பேச்சு மாறிவிட்டது. யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், பேச்சும் பிழைத்திருக்கும். ஆனால் எங்கள் பக்கத்துப் பேச்சு திரையில் யாருக்குக் கொடுக்கப்படும் என்று எனக்குச் சிறு வயதிலேயே தெரியும். பண்ணையாருக்கு, அல்லது சிரிக்க வைக்க வருபவருக்கு. தியேட்டரில் எல்லாரும் சிரிப்பார்கள், அந்தப் பேச்சையே பேசுகிற நானும் சிரித்திருக்கிறேன். கதாநாயகி அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அதனால் விடுதியில் வாயைத் திறக்கும்போதே நாக்கு தானாக ஒதுங்கிக்கொண்டது. செய்தி வாசிப்பவர்களின் தமிழை ஒத்திகை பார்த்துப் பேசினேன்.

லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா மட்டும், "யாரு ஊட்டுப் புள்ள மாதிரியோ பேசறயே" என்றாள். இந்த மாதிரி ஒன்று உங்களிடமும் இருக்கும். தேடுங்கள்.

ஜூலை 14, காலை

ராத்திரி எழுதியதை மறுபடி படித்தேன். சினிமா என் பேச்சைப் பறித்தது என்று யாராவது எடுத்துக்கொள்ளலாம். நான் சொல்ல வந்தது அதைவிடச் சிக்கலானது. எங்கள் குடும்பத்துக்குச் சினிமாதான் சோறு போட்டது.

என் தாத்தா, அம்மாவின் அப்பா, மாடர்ன் தியேட்டர்ஸில் செட் போடுகிற ஆசாரி. இப்போது ஏற்காடு ரோட்டில் போனால் அந்த முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது, உள்ளே குடியிருப்புகள் வந்துவிட்டன. சேலத்துப் பிள்ளைகளிலேயே பலருக்கு அது என்ன என்று தெரிவதில்லை. திருச்செங்கோட்டில் பிறந்து இங்கிலாந்துக்குப் போய் நெசவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்த டி.ஆர்.சுந்தரம் 1935-ல் தொடங்கிய ஸ்டுடியோ அது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே எடுக்கப்பட்டன. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-ல் சேலத்தில்தான் உருவானது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் 1956-ல் இங்கிருந்துதான் போனது. வசனம் எழுத வந்த கருணாநிதி சேலத்தில் குடியிருந்தார். மாதச் சம்பளம், நேரத்துக்கு வேலை என்று ஒரு மில் மாதிரி நடந்த இடம்.

தாத்தாவோடு படம் பார்க்கப் போனால் அவர் கதாநாயகனைப் பார்க்க மாட்டார். அரண்மனைத் தூணைப் பார்ப்பார். "அது பலகை. மேலே சாக்கு ஒட்டி, பிளாஸ்டர் பூசி, நாந்தான் கோடு இழுத்தேன்" என்பார். கறுப்பு வெள்ளைக் காலத்தில் சுவருக்கு எதைப் பூசினாலும் திரையில் சாம்பல்தான், வண்ணம் வந்த பிறகுதான் பெயிண்டருக்கு மரியாதை வந்தது என்றும் சொல்வார். பளிங்கு என்று ஊரே வாய் பிளந்து பார்த்தது எங்கள் வீட்டில் பலகை. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த நான் ஏமாறாமல் இருந்திருக்க வேண்டும், இல்லையா?

ஆனால் அதே தாத்தா சாகும் வரை ஒரு நடிகரின் மீசையைத்தான் வைத்திருந்தார். கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் அவர் நிற்கும் பொறுமை அம்மாயிக்கு எரிச்சலூட்டும். தூண் பொய் என்று தெரிந்தவர் மீசையை நம்பினார். திரையில் வருவது எப்படித் தயாராகிறது என்று தெரிந்தவர்கள் அதில் சிக்க மாட்டார்கள் என்று இன்று பலர் பேசுகிறார்கள், பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்தால் போதும் என்கிறார்கள். சொல்லிக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் தெரிந்துகொள்வது ஒரு அறையில் நடக்கிறது, ஆசைப்படுவது வேறு அறையில் நடக்கிறது. இதை நான் தாத்தாவின் மீசையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஜூலை 14, மதியம்: கேட்டவரின் பதில்

டீச்சர் மாதிரி எழுதுகிறீர்கள், டீச்சர் என்றே கூப்பிடுகிறேன். உங்களுக்கு ஸ்டுடியோ, தாத்தா எல்லாம் இருக்கிறது. எனக்கு அப்படி எதுவும் இல்லை. நான் சேலமும் இல்லை. ஏற்காடு மலையில் ஒரு சின்ன ஊர். அப்பா அம்மா எஸ்டேட் வேலை, கொஞ்சம் சொந்தக் காப்பித் தோட்டமும் இருக்கிறது. ஏற்காடு என்றாலே கிளாஸில் எல்லாரும் "செம, டெய்லி டூர்தான் உனக்கு" என்பார்கள். ஜாதிச் சான்றிதழில் மலையாளி என்று, எங்கள் மலைப் பழங்குடியின் பெயர், இருப்பதைப் பார்த்து "கேரளாவா?" என்று கேட்டவர்களும் உண்டு. இதெல்லாம் ஊடகத்தில் வருமா?

ஜூலை 14, மாலை

கண்ணு, இதுதான் உன் கட்டுரை. ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு இதை இத்தனை நேரம் உள்ளே வைத்திருந்தாயா?

நானும் மலையில் ஒரு பள்ளியில் ரொம்ப காலம் வேலை பார்த்தவள். அடிவாரத்தில் பஸ் ஏறி இருபது கொண்டை ஊசி வளைவும் தினம் போய்வந்திருக்கிறேன். அதனால் இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, கொஞ்சம் பொறு.

சின்ன வகுப்புகளுக்கு ஓவியம் சொல்லித் தரும்போது "மலை வரையுங்க" என்பேன். எல்லாப் பிள்ளையும் ஒரே படம் வரையும். இரண்டு முக்கோணம், நடுவில் பாதி சூரியன், முன்னால் ஒரு ஆறு, கரையில் தென்னை மரம். மலையிலேயே பிறந்து, மலையிலேயே நடந்து பள்ளிக்கு வருகிற பிள்ளைகள்! ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் நிற்கும், அதில் மிளகுக் கொடி ஏறியிருக்கும், அடியில் காப்பிச் செடி. சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி முக்கோணமே கிடையாது, மேலே போனால் மைதானம் மாதிரி தட்டையாக இருக்கும். அந்தப் பிள்ளைகள் வைகாசித் திருவிழாவுக்கு அங்கே போய் ஓடி விளையாடியிருக்கிறார்கள். ஆனாலும் தாளில் வருவது முக்கோணம்தான்.

அந்த முக்கோணம் கீழே சமவெளியில் நின்று பார்ப்பவரின் மலை. பாடப்புத்தகத்தில், காலண்டரில், நோட்டு அட்டையில் வந்தது. மலைக்குள் இருப்பவருக்கு மலை அப்படித் தெரியாது. இருந்தும் 'மலை' என்று யாராவது கேட்டால், கேட்பவர் எதிர்பார்க்கும் படத்தைத்தான் பிள்ளைகள் கொடுக்கிறார்கள். நீ கிளாஸில் "ஏற்காடு" என்று சொன்னதும் அவர்கள் உன்னிடம் கேட்பதும் அந்த முக்கோணத்தைத்தான்.

நீ என்ன பதில் சொல்வாய்? அதை எழுது.

ஜூலை 15

இந்த இணைய இழையில் மேலே ஒரு அன்பர் கேட்டிருக்கிறார்: பாடப்புத்தகமும் காலண்டரும் ஊடகமா, ஊடகம் என்றால் டிவி, பத்திரிகை, இணையம்தானே என்று. கட்டுரைக்கு மார்க் போடுபவரும் ஒருவேளை அப்படி நினைக்கலாம். நான் அப்படிப் பிரிக்க மாட்டேன். நேரில் பார்க்காத ஒருவர் உன்னைப் பற்றியோ உன் ஊரைப் பற்றியோ ஒரு படத்தைச் செய்து பல பேருக்கு அனுப்புகிறார், அது உன் வீட்டுக்கும் வந்து சேர்கிறது. காகிதத்தில் வந்தால் என்ன, கண்ணாடித் திரையில் வந்தால் என்ன? சிவகாசியில் அச்சான காலண்டர் எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு வருடம் தொங்கியது. எந்த ரீல்ஸையும் யாரும் ஒரு வருடம் பார்ப்பதில்லை.

ஜூலை 15, இரவு

'ஏழைகளின் ஊட்டி' பற்றியும் எழுதிவிடுகிறேன், ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது. சுற்றுலாப் பக்கங்களில், பத்திரிகைகளில், யூடியூபில் ஏற்காட்டுக்கு இந்தப் பெயர். எழுதுபவர்கள் அன்பாகத்தான் எழுதுகிறார்கள், செலவு குறைவு என்று சொல்ல வருகிறார்கள். ஆனால் இதை மலையில் இருப்பவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். லாட்ஜ்காரர் சொல்வார், ஆட்டோ ஓட்டுபவர் சொல்வார், மலைப் பிள்ளை ஒன்று பேச்சுப் போட்டியில் மேடையேறி, 'ஏழைகளின் ஊட்டி எனப்படும் எங்கள் ஏற்காடு' என்று தொடங்கியது. அன்றைக்கு எனக்குத் தொண்டை அடைத்தது.

ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அங்கே தேயிலை, இங்கே காப்பி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காப்பி பயிரிடத் தொடங்கினார், கிரேஞ்ச் எஸ்டேட்டின் கதை அங்கிருந்து வருகிறது. ஏற்காடு அந்த நாளிலேயே தனக்கென்று ஒரு கதை உள்ள மலை. அதற்கும் முன்னால் சாமையும் கேழ்வரகும் விதைத்துக்கொண்டு இங்கே உன் ஆட்கள் இருந்தார்கள். காஞ்சிபுரத்தில் இருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளில் பெரியண்ணன் இந்தச் சேர்வராயன் மலையில் தங்கினார், மற்றவர்கள் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் போனார்கள் என்று உன் பாட்டி சொல்லியிருப்பாள். சொன்னாளா? அந்தக் கதையைப் பேச்சுப் போட்டியில் யாரும் சொல்வதில்லை. இன்னொரு ஊரோடு ஒப்பிட்டு, அதைவிட மலிவு என்று சொல்லி ஆரம்பிக்கிறோம்.

ஜூலை 16, காலை

ஒரு சேர்க்கை. நேற்று எழுதியதைப் படித்தால், பாட்டியின் கதை நிஜம், யூடியூபின் கதை பொய் என்று பிரித்த மாதிரி தெரிகிறது. அப்படி இல்லை. மூன்று சகோதரர் கதையும் யாரோ சொல்லி, பலர் கேட்டு, திருவிழாவில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு வந்ததுதான். அதுவும் ஒரு கூட்டத்துக்கு 'நீங்கள் இன்னார்' என்று சொல்லிக் கொடுத்தது. ஆனால் பாட்டி சொல்லும்போது "ஏன் பெரியவர் மட்டும் இங்க தங்கினார்?" என்று நீ குறுக்கே கேட்கலாம். பாட்டியும் பதில் சொல்வாள், இல்லை அதட்டுவாள், அடுத்த முறை கதை கொஞ்சம் மாறும். 'ஏழைகளின் ஊட்டி' என்று எழுதியவரிடம் யார் குறுக்கே கேட்டது?

கமெண்ட் போடலாமே என்று சொல்வார்கள். போடலாம். போட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஜூலை 16, மதியம்: கேட்டவரின் பதில்

டீச்சர், ஒரு பத்தி எழுதினேன். சரியா என்று சொல்லுங்கள்.

"எங்கள் ஊரில் மூடுபனி இறங்கினால் அம்மா திட்டத் தொடங்குவாள். களத்தில் காயப்போட்ட காப்பிக் கொட்டை ஈரமாகிவிடும். தார்ப்பாயை இழுத்து மூட என்னைக் கூப்பிடுவாள். நான் போனை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடியிருப்பேன். எங்கள் வீட்டு ஷீட் கூரை படத்தில் விழாமல் இருக்க இரண்டு அடி தள்ளி நிற்க வேண்டும். அந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும்."

ஜூலை 16, இரவு

இதில் ஒரு எழுத்தையும் மாற்றாதே.

'அந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும்' என்று எழுதினாய் பார், அதுதான் உன் ஐந்து பக்கத்தின் மையம். தினம் போய் நிற்பதால் அங்கே புல்கூடத் தேய்ந்திருக்கும். யார் உனக்கு அந்த இடத்தைக் காட்டியது? யாரும் இல்லை. நீயே கண்டுபிடித்தாய். ஊடகம் வந்து "உன் கூரையை மறை" என்று ஒருநாளும் சொல்லவில்லை. கூரை இல்லாத படத்துக்கு என்ன பதில் வருகிறது, கூரை உள்ள படத்துக்கு என்ன வருகிறது என்று பார்த்துப் பார்த்து உன் கால் அந்த இரண்டு அடியைக் கற்றுக்கொண்டது. அந்த நேரத்தில் அம்மா தனியாகத் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருக்கிறாள். இதை எழுதும்போது அம்மாவுக்காகப் பரிதாபப்பட்டு எழுதாதே, உன்னைத் திட்டிக்கொண்டும் எழுதாதே. நடந்ததை மட்டும் எழுது. விவரித்து எழுதச் சொன்னார்கள், தீர்ப்புச் சொல்லச் சொல்லவில்லை.

அடுத்த பத்தியில், படத்தைப் போட்ட பிறகு என்ன நடந்தது என்று வரட்டும். யார் என்ன எழுதினார்கள், நீ எத்தனை தடவை எடுத்துப் பார்த்தாய். முக்கியமாக, படத்தில் விழாதது எல்லாம் என்னென்ன? களம், கோழி, தண்ணீர் டிரம், அடுத்த லைன் வீட்டுத் துணி. அதை வரிசையாகச் சொல்லு. அவசரப்படாதே.

ஜூலை 18

இன்னொருவர் எழுதியிருக்கிறார்: நல்லதை மட்டும் படத்தில் காட்டுவது மனித இயல்பு, போட்டோ ஸ்டுடியோ காலத்திலும் அப்படித்தான், ரீல்ஸ்மேல் பழி போடாதீர்கள் என்று.

நான் யார்மேலும் பழி போடவில்லை. ஆனால் அவர் சொல்வதில் பாதி சரி. எங்கள் அம்மாயியின் கல்யாணப் போட்டோவில் அவள் கையில் ஒரு புத்தகம் இருக்கும். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பின்னால் தொங்கும் திரையில் மாடிப்படியும் பூந்தொட்டியும் வரைந்திருக்கும். ஸ்டுடியோக்காரர் கொடுத்ததை வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் படம் எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது, யாருக்கும் அது பொய்யாகப் படவில்லை.

வித்தியாசம் என்னவென்றால் அம்மாயிக்கு வாழ்நாளில் அந்த மாதிரிப் படம் அது ஒன்றுதான். எடுத்து முடித்ததும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். இந்தப் பெண் தினம் அந்த இடத்தில் போய் நிற்கிறாள். தினம் செய்வதுதான் ஆளை ஆக்குகிறது.

ஜூலை 21

அம்மாயியைப் பற்றி எழுதியதும் சித்தி நினைவு வந்துவிட்டது. கட்டுரைக்குச் சம்பந்தம் இல்லாமல் போனாலும் பரவாயில்லை.

சித்தியைச் சேலத்தில் குகை என்ற பகுதியில் தறிக்காரர் வீட்டில் கொடுத்திருந்தார்கள். கைத்தறி வீட்டில் காலையில் இருந்து ரேடியோ பாடும். விசைத்தறி என்றால் அந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. குழித்தறியில் உட்கார்ந்து நெய்பவர்களுக்கு ரேடியோதான் துணை. 1952-ல் மத்திய அமைச்சராக வந்த கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கதவடைத்தார். ஜனங்கள் இலங்கை வானொலிக்குத் திருப்பிவிட்டார்கள். பிறகு 1957-ல் சினிமாப் பாட்டுப் போடும் விவித் பாரதி அகில இந்திய வானொலியிலேயே வந்தது. ஆனால் எங்கள் பக்கத்து வீடுகளில் இலங்கையின் பிடி அதற்கப்புறமும் ரொம்ப நாள் விடவில்லை. அங்கே பிறந்தநாள் வாழ்த்தும் நேயர் விருப்பமும் ஊர் பேரோடு வாசிப்பார்கள்.

சித்தி நேயர் விருப்பத்துக்கு எழுதிப் போடுவாள். இலங்கைக்கு ஸ்டாம்பு கூடுதல் என்று பெரும்பாலும் திருச்சிக்கும் கோவைக்கும் அஞ்சலட்டை. சொந்தப் பேரில் எழுத மாட்டாள், மாமியார் வீட்டில் வம்பு. தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டாள். அந்தப் பெயர் ரேடியோவில் வரும்போது தறியில் இருக்கும் சித்தப்பாவுக்குத் தெரியாது, மாமியாருக்குத் தெரியாது. அடுப்படியில் நிற்கும் சித்தி மட்டும் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நிற்பாள். எனக்கு அவளாகச் சொன்னதால் தெரியும். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன், அது அவளுடையது.

ஊடகம் மறைக்கச் சொல்லிக் கொடுக்கிறது என்று முதல் நாள் எழுதினேன். அதே ஊடகம் வீட்டில் இடம் கிடைக்காத ஒருத்திக்கு இன்னொரு பெயரில் வாழ ஒரு மூலையும் கொடுத்தது. இரண்டும் என் வீட்டிலேயே நடந்தது. கண்ணு, நீ இங்கே வைத்திருக்கும் புனைபெயரும் அந்த மாதிரிதானோ? பதில் சொல்ல வேண்டாம், யோசி.

ஜூலை 22

டிவியைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்கிறார்கள். 1987-ல் ஞாயிற்றுக்கிழமை காலையில் இராமாயணம் வந்தபோது தெருவில் டிவி இருந்த ஒரே வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம், இந்தி ஒரு வார்த்தை புரியாமல். 1993 தமிழ்ப் புத்தாண்டுக்குத் தனியார் சேனல் வந்தது. அப்புறம் வீட்டில் சாப்பாட்டு நேரம் மாறியது. என்னிடம் இதைவிடச் சொல்ல ஒன்றும் இல்லை. அந்த வருடங்களில் நான் வேலை, குழந்தை என்று ஓடிக்கொண்டிருந்தேன். பார்த்தவர்கள் எழுதுங்கள்.

ஜூலை 27

சிவதாபுரம் பக்கம் வெள்ளிப் பட்டறையில் வேலை செய்யும் ஒரு பையன், எங்கள் உறவுக்காரன், இந்த இழையைப் படித்துவிட்டுப் போன் செய்தான். தன்னைப் பற்றி எழுதச் சொன்னான், பெயர் மட்டும் வேண்டாம் என்றான்.

கொலுசு வேலை. கம்பி இழுப்பது, பற்றவைப்பது, சலங்கை கோப்பது, மெருகு போடுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கை. இவன் பற்றவைக்கிற கை. குறுங்காணொளிச் செயலி வந்த காலத்தில் சினிமா வசனத்துக்கு வாயசைத்துப் போடுவான், நன்றாகச் செய்வான். பஸ்ஸில் அடையாளம் கண்டு பேசும் அளவுக்குப் பேர். பட்டறையில் ஒருநாளும் எடுத்ததில்லை. குளித்து, சட்டை மாற்றி, மொட்டை மாடிக்குப் போய்த்தான் எடுப்பான். 2020 ஜூன் 29 அன்று 59 செயலிகளுக்குத் தடை வந்தது, அதில் இதுவும் போனது. எடுத்தது எதையும் அவன் தனியாகச் சேமித்து வைத்திருக்கவில்லை.

அவனிடம் கேட்டேன், ஃபாலோயர்கள் போனதுதான் வருத்தமா என்று. இல்லை என்றான். "அந்த ரெண்டு வருசத்து மொகம் போச்சுங்க" என்றான். பட்டறையில் யாரும் அவனைப் போட்டோ எடுத்ததில்லை, வீட்டிலும் எடுப்பவர் இல்லை. இருபது, இருபத்தொரு வயதில் தான் எப்படி இருந்தோம் என்று பார்க்க அவனிடம் இன்று ஆதார் அட்டைதான் இருக்கிறது. இப்போது வேறு செயலியில் போடுகிறான். இந்த முறை எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவிலும் போட்டு வைக்கிறான்.

இதைக் கேட்டபிறகு, உன் பனிப் படங்களை அழித்துவிடு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன், கண்ணு. வைத்துக்கொள். கூரையோடு ஒன்றும் எடுத்து வை. போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஆகஸ்ட் 9

ஆடித் திருவிழாவில் எழுத நேரம் இல்லை. குகை வண்டி வேடிக்கை பார்த்துவிட்டு வந்தேன். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: மாரியம்மன் திருவிழாவில் ஆட்கள் சிவன், பார்வதி, முருகன், கிருஷ்ணன் என்று வேஷம் கட்டி, அலங்கரித்த வண்டிகளில் உட்கார்ந்து கோயிலைச் சுற்றி வருவார்கள். நூறு வருடத்துக்கு மேலாக நடப்பது. எங்கள் சித்தி வீட்டுப் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் வருடா வருடம் சிவன். விரதம் இருந்து, முகத்துக்கு நீலம் பூசி, ராத்திரி முழுக்க அசையாமல் உட்கார்ந்திருப்பார். மறுநாள் தறியில் இறங்குவார், காது மடலில் நீலம் மிச்சம் இருக்கும். அந்த வாரம் மட்டும் தெருவில் யாரும் அவரிடம் கடனைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

இப்போது வரும் கிரீடம், நகை, புருவம் எல்லாம் டிவி புராணத் தொடர் மாதிரி இருக்கிறது என்று என் கூட வந்தவர்கள் குறைப்பட்டார்கள். நான் அந்தப் பெரியவரின் சிவனை நினைத்துப் பார்த்தேன். அவர் சிவன் காலண்டர் சிவன். காலண்டருக்கு முன்னால் நாடகக் கொட்டகைச் சிவன் இருந்திருப்பார். எங்கள் தெருவுக்கென்று தனியாக ஒரு சிவன் முகம் எப்போதும் இருந்ததில்லை. பார்த்ததில் இருந்துதான் கட்டினார்கள். ஆனால் கட்டிய பிறகு வண்டி எந்தச் சந்தில் திரும்ப வேண்டும், யார் வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்பது தெருவின் கையில் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதனால் எனக்குக் கிரீடத்தைப் பற்றிப் பெரிய வருத்தம் வரவில்லை. ஒரு பாட்டி அந்த டிவி கிரீடத்துச் சிவனைக் கும்பிட்டுக் கண்ணீர் விட்டாள். அவளிடம் போய் நான் என்ன சொல்ல?

ஆகஸ்ட் 11: கேட்டவரின் பதில்

டீச்சர், ஐந்து பக்கம் முடிந்துவிட்டது. இரண்டு சந்தேகம். கடைசியில் 'ஆகவே ஊடகத்தை அளவோடு பயன்படுத்த வேண்டும்' என்று ஒரு பத்தி போடவா? போடாவிட்டால் முடிக்காத மாதிரி இருக்கிறது. இன்னொன்று, அம்மா தார்ப்பாய் இழுப்பதை எழுதியிருக்கிறேன், ஊர் பேரும் போட்டிருக்கிறேன். எங்கள் கிளாஸில் சத்தமாக வாசிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 11, இரவு

அந்தப் பத்தி வேண்டாம். இத்தனை பக்கம் நீ பார்த்ததைச் சொல்லிவிட்டு, கடைசியில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு புத்திமதியை வைத்தால் வாசிப்பவர்கள் அதைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். எந்த வரியில் சொல்ல வேண்டியது முடிந்ததோ அங்கேயே நிறுத்து. முடிவுரை எங்கே என்று மார்க் குறைத்தால் ஒன்றிரண்டு போகட்டும்.

ஊர் பேர் போடு. கட்டாயம் போடு. அந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஏற்காடு என்றால் படகுச் சவாரியும் மலர்க் கண்காட்சியும்தான். மலையில் உன் ஊர் பேரை அவர்கள் காதில் விழவை.

அம்மாவிடம் மட்டும் முதலில் வாசித்துக் காட்டு. அவளைப் பற்றி நாற்பது பேர் முன்னால் சொல்லப்போகிறாய், அதில் அவளுக்கும் ஒரு பேச்சு உண்டு. 'இந்த வரி வேண்டாம்' என்றால் எடுத்துவிடு. இல்லை, "தார்ப்பாய் மட்டுமா, அன்னைக்கு மூட்டையும் நாந்தான் தூக்கினேன்" என்று அவள் ஏதாவது சேர்த்தால் அதையும் அவள் சொன்ன மாதிரியே எழுதிக்கொள். வாசிக்கும் தேதி என்றைக்கு? சேலத்தில்தானே, நான் வரலாமா என்று உங்கள் ஆசிரியரிடம் கேட்டுச் சொல்.